ஏற்றிய கை

மருதாணி செத்த மறுநாள் காலையில், வழக்கம்போல முதல் ஆளாகக் கல்லுக்குழிக்கு வந்து நின்றாள். மருதாணி என்றால் பெண்பிள்ளை இல்லை, குதிரை. செம்பட்டை மயிரும் குட்டைக் காலுமாக, கூனிமலைக்கு ரோடு போட்ட காலத்தில் அடிவாரத்திலிருந்து ஜல்லி சுமந்த மட்டக்குதிரைகளில் ஒருத்தி. மண்டையில் கடப்பாரை இறங்கிய இடம் பள்ளமாகக் கிடந்தது, மூக்கில் காற்று போகவுமில்லை வரவுமில்லை, கண்ணில் ஈ உட்கார்ந்தால் இமை ஆடவில்லை, ஆனாலும் முதுகில் சேணமும் இரண்டு பக்கமும் பொதிச்சாக்குமாக வரிசையில் தன் இடத்தில் தலை குனிந்து நின்று, போடுங்கப்பா என்பதுபோலப் பின்னங்காலை ஒருதடவை தரையில் தட்டினாள். ஆச்சரியப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இடம் இது இல்லை, பின்னால் வருகிறது.

கூனிமலைக்கு மேலே வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட்டிருந்தார்கள். காப்பிக்கொட்டை கீழே இறங்க ரோடு வேண்டும், ரோட்டுக்கு ஜல்லி வேண்டும், ஜல்லியை அந்தச் செங்குத்தில் ஏற்ற மாட்டுவண்டிக்கு வக்கில்லை, ஆகவே குதிரை. குதிரை மட்டுமே ஏறமுடிந்த மலையில், குதிரையே தேவைப்படாத ஒரு ரோட்டைப் போட, குதிரைதான் கல் சுமந்தது. இதைக் குதிரைகளுக்கு யாரும் சொல்லவில்லை. குதிரைக்காரர்களுக்கும் சொல்லவில்லை.

குதிரைக்காரி சிலம்பாயி. அவள் அப்பன் செத்தபோது ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் லாயம் அவள் தலையில் விழுந்தது, அவளும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு லாடம் அடிக்கவும் சுழி பார்க்கவும் கடிக்க வருகிற குதிரைக்கு மூக்கில் ஒரு குத்து விடவும் பழகிக்கொண்டாள். புருஷன் மொக்கையன் அதே ரோட்டு வேலையில் தலைச்சுமைக்காரன், வாய் ஓயாதவன், மூன்று வேளையும் கம்பங்கஞ்சிக்குப் பச்சை வெங்காயம் கடிக்கிறவன். "இந்த நாத்த வாயை வச்சுக்கிட்டுப் பக்கத்துல வராத மாமா" என்று அவள் முகத்தைத் திருப்புவாள், அவன் பக்கத்தில்தான் வருவான், அவளும் தள்ளிவிட மாட்டாள். சாயங்காலம் வேலை முடிந்து அவள் அவனுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தால் வாங்கமாட்டான். "மொதல்ல வாயில்லாததுகளுக்கு ஊத்து. நான் கேட்டு வாங்கிக்கிருவேன், அதுக கேக்குமா?" என்பான்.

லாயத்தில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் பொதியை எந்தக் கை ஏற்றியதோ அந்தக் கைதான் சாயங்காலம் இறக்க வேண்டும். மலைமேல் போய் ஜல்லியைக் கொட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், சாக்கின் அடிக்கயிற்றை உருவினால் கல் தானாகச் சரிந்துவிடும். ஆனால் சாக்கையும் சேணத்தையும் முதுகிலிருந்து எடுக்கும் வேலை ஏற்றியவனுடையது, ஏனென்றால் எந்த முடிச்சு எங்கே, எந்தப் பக்கத்துக் கனத்துக்கு எந்த வாரை இழுத்துப் பிடித்தோம் என்பது அவனுக்குத்தான் தெரியும், வேறொருத்தன் அவசரத்தில் உருவினால் குதிரையின் முதுகுத் தோல் கையோடு வரும். பாட்டன் காலத்திலிருந்து இப்படியே நடந்து நடந்து அது குதிரைகளுக்குள்ளேயே ஊறிப்போய், வேறு கை பட்டால் இறக்க விடாமல் சுற்றிச் சுற்றி வரும். தலைச்சுமைக்காரர்களும் அதைப் பார்த்துத் தங்களுக்கும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்: காலையில் தலைக்குச் சட்டியைத் தூக்கிவிட்டவனே சாயங்காலம் வெறும் சட்டியை வாங்கி வைப்பான், வைத்துவிட்டு "அப்பாடா" என்று சுமந்தவன் மூச்சு விடுகிறவரை பக்கத்தில் நிற்பான்.

சினைக் குதிரைக்கு வயிறு இறங்கிவிட்டால் பொதி ஏற்றுவதில்லை என்பது இன்னொரு சட்டம். மருதாணிக்கு வயிறு இறங்கிவிட்டது. அன்று காலையில் சிலம்பாயி அவளை வரிசையிலிருந்து பிரித்து நிழலில் கட்டினாள், மேஸ்திரி தாண்டவராயன் வந்து அவிழ்த்தான்.

மேஸ்திரி என்றால் அந்த மலையில் அவன்தான் எல்லாம். மழைக்கு முன்னால் ரோடு உச்சியைத் தொடாவிட்டால் துரை அவன் தோலை உரிப்பார், ஆகவே அவன் அடுத்தவன் தோலை உரித்துக்கொண்டிருந்தான், இந்த உலகத்தில் தோல் உரிப்பு எப்போதும் இப்படித்தான் மேலிருந்து கீழே இறங்கும்.

"வயித்துக்குள்ள ஒரு உசுரு இருக்குங்கய்யா. நான் ஏத்தமாட்டேன்" என்றாள் சிலம்பாயி.

"நீ என்னடி ஏத்துறது?" என்று அவனே சேணத்தைப் போட்டு, அவனே சாக்குகளைக் கட்டி, இரண்டு குதிரைச் சுமையை அந்த ஒரே முதுகில் ஏற்றினான். கொடிவழி வளைவு வரைக்கும் மருதாணி ஏறினாள். அங்கே முன்னங்கால் இரண்டும் மடங்கியது. மேஸ்திரி சாட்டையால் அடித்தான், சாட்டை நார்நாராகப் போனதும் பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தான், விலாவில் குத்தினான், வயிற்றில் குத்தினான், குறுக்கே விழுந்த சிலம்பாயியைக் காலால் எத்திவிட்டு, இரண்டு கையாலும் ஓங்கி மண்டையில் இறக்கினான். எலும்பு உடைந்த சத்தம் பள்ளத்தாக்கில் போய் மோதித் திரும்பி வந்தது. வேலையாட்கள் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரவர் சட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

பொதியை இறக்காமலேயே செத்ததால் மருதாணியின் கடைசி மூச்சு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள், பொதியோடு உச்சிக்குப் போனாள், யாரோ அடிக்கயிற்றை உருவினார்கள், கல் கொட்டியது, இறங்கி வந்தாள். சிலம்பாயி ஓடிப்போய்ச் சேணத்தைக் கழற்றப் பார்த்தாள். முடிச்சு கல்லாக இருந்தது. அரிவாளால் அறுத்தாள், வார் அறுபடவில்லை, அரிவாள்தான் மழுங்கியது. ஏற்றிய கை இறக்கினால்தான் உண்டு.

அவள் மேஸ்திரியின் காலில் விழுந்தாள். "ஒரு தடவ தொட்டு எறக்கி விட்டுருங்கய்யா. அதுபாட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

மேஸ்திரி மருதாணியைச் சுற்றி வந்தான், கண்ணுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான், தீனித்தொட்டியைப் பார்த்தான், திரும்பவும் மருதாணியைப் பார்த்தான். "ரோடு முடியட்டும், எறக்குறேன்" என்றான்.

சனங்கள் பழகிக்கொண்டார்கள். வாடை வந்தபோது பெண்கள் மருதாணியின் கழுத்தில் வேப்பிலை கட்டினார்கள், பிறகு வெயிலில் காய்ந்து தோல் பறை மாதிரி ஆனதும் வாடையும் போனது. செத்ததோடு சேர்ந்து நடந்தால் தீட்டு உண்டா என்று பூசாரி கழுவனிடம் கேட்டார்கள், பொதி இறங்கினால்தான் சாவு, சாவு விழுந்தால்தான் தீட்டு, அதுவரைக்கும் ஒன்றும் இல்லை என்று அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். கள்ளுக்கடையில், அது செத்துவிட்டதா இல்லை பிடிவாதம் பிடிக்கிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டு ஒருத்தனுக்குப் பல்லு போனது. கொள்ளு விற்கிற செட்டியார் மட்டும், இது நல்லதுக்கில்லை, இது நல்லதுக்கில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். துரை ஒருநாள் மேலிருந்து வந்து, மற்ற குதிரைகள் மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் இது மட்டும் மூச்சே வாங்காமல் ஏறுவதைப் பார்த்து, நல்ல ஜாதி, இந்த மாதிரியே இன்னும் பார்த்து வாங்கு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாங்குவானேன்? லாயத்தில் இருப்பது போதாதா? அந்த வாரத்திலிருந்து மேஸ்திரி தினம் காலையில் ஒரு குதிரைக்குத் தன் கையாலேயே பொதி ஏற்றினான், கொடிவழி வளைவுக்கு நடத்திப் போனான், அங்கே கடப்பாரை தயாராக இருந்தது. கறுப்பி போனது, சுழியன் போனது, லாடம் கட்டும்போது சிலம்பாயியின் தோளில் மோவாயை வைத்துத் தூங்கும் கிழட்டு வெள்ளையன் அடி விழப்போவது தெரிந்து தலையைத் திருப்பி அவளைத் தேடியது, தேடின கண்ணிலேயே அடி விழுந்தது. அவள் வாசலில் குறுக்கே படுத்தாள், அவளைக் கட்டிப்போட்டுவிட்டுக் கொண்டுபோனார்கள். தீனி இல்லை, தண்ணீர் இல்லை, சாணி இல்லை, செத்த குதிரைகள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை நின்ற இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கின, ரோடு பாம்பாட்டம் மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

மொக்கையனுக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால் அவள் பேரில் ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம்: இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப்போட்டால், போகிற வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறுவார்கள், அந்த ஒவ்வொரு இளைப்பாறலும் அவளுடைய இறக்காத சுமையில் கொஞ்சத்தைக் குறைக்கும். "பொம்பளைக்குன்னா பொம்பளைக்கு மட்டுமா? குட்டியச் சுமந்துக்கிட்டுச் செத்தவதான மருதாணியும்" என்றான். ஆட்கள் தயங்கினார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். கொடிவழி வளைவில் கல் நின்றது. அன்று மதியம் வரிசையில் வந்த மருதாணி, செத்த பிறகு முதல்தடவையாக நின்றாள். சாக்கை அந்தக் கல்லின்மேல் சாய்த்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற குதிரைகளும் நின்றன, மலை முழுக்கக் குளம்புச் சத்தம் அடங்கி, வெகுநாளுக்குப் பிறகு குருவிச் சத்தம் கேட்டது. சிலம்பாயி மருதாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். முடிச்சு நெகிழவில்லைதான். ஆனாலும் நின்றாளே.

சத்தம் அடங்கினால் வேலை நின்றுவிட்டது என்று மேஸ்திரிக்குத் தெரியும். அடியாட்களோடு வந்தான், சம்மட்டியை வாங்கி அவனே சுமைதாங்கியை உடைத்தான். இரண்டாவது அடி விழுவதற்குள் மொக்கையன் போய் அவன் கையைப் பிடித்தான்.

"அது பொம்பளைக்கு நட்ட கல்லு. தொடாதீங்க."

"யாருடா பொம்பள?"

"ஒங்களுக்கு வெளங்காது. கைய எடுங்க" என்று சொல்லி, மேஸ்திரியின் கன்னத்தில் ஒன்று வைத்தான். நல்ல அடி. பார்த்தவர்கள் பல வருஷம் அதைப் பற்றிப் பேசினார்கள், பேசினார்கள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

அடியாட்கள் மொக்கையனின் முழங்காலை மிதித்து மண்டிபோட வைத்தார்கள். மேஸ்திரி சும்மாட்டைச் சுற்றி அவன் தலையில் வைத்து, உடைந்த சுமைதாங்கிக் கல்லை இரும்புச் சட்டியில் போட்டு, இரண்டு கையாலும் தூக்கி ஏற்றினான். "நட" என்றான். மொக்கையன் நடந்தான், முதுகில் கம்பு விழுந்துகொண்டே இருந்தது, பத்துப்பதினைந்து எட்டு போனதும் திரும்பி, "சிலம்பு, நீ பாக்காத, வீட்டுக்குப் போ" என்றான். அவள் பார்த்தாள். பிடரியில் கடப்பாரை இறங்கியதைப் பார்த்தாள், அவன் முகம் மண்ணில் குத்தியதைப் பார்த்தாள், சட்டி தலையைவிட்டு நகராததைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை ஊன்றி எழுந்து உச்சியைப் பார்த்து நடந்ததையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மொக்கையன் வீட்டுக்கு வரவில்லை, பொழுது சாய்ந்தால் கல்லுக்குழியில் குதிரைகளோடு நின்றான். அவள் தினம் கஞ்சியும் வெங்காயமும் கொண்டுபோய் அவன் உதட்டில் தடவினாள், வாய் திறக்கவில்லை. மூக்கின்கீழ் கையை வைத்தாள், வெங்காய வாடைகூட இல்லை. அன்றைக்குக் காலையில் சாப்பிட்டுவிட்டு அவன் இழுத்த மூச்சு அவனுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்ற நினைப்புதான் அவளைத் தின்றது. புருஷன் செத்ததைக்கூட அவள் ஒருவழியாகத் தாங்கியிருப்பாள், அந்த மூச்சு உள்ளே திணறுவதை அவளால் தாங்க முடியவில்லை. "விடுடி, தாலியும் கழுத்துல இருக்கு, ஆளும் கண்ணுக்கு முன்னால நடமாடுறான், எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை?" என்று பக்கத்து வீட்டுக்காரி தேற்றினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டு, "இனிமே ஒருத்தருக்கொருத்தர் தூக்கிவிட வேணாம். எல்லாருக்கும் நானே தூக்கிவிடுறேன்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆண், பெண், பிள்ளைத்தாய்ச்சி எல்லோரும் மறுநாள் காலையில் அவன் முன்னால் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகப் போய், தலையைக் குனிந்து கொடுத்தார்கள். ஆச்சரியப்பட வேண்டிய இடம் வருகிறது என்று சொன்னேனே, இதுதான்.

சிலம்பாயி புல்லறுக்கும் அரிவாளைக் காலையிலேயே தீட்டிவிட்டாள். வரிசையை ஒட்டி நடந்து மேஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எறக்குவீகளா, மாட்டீகளா?"

"ரோடு முடியட்டும்னு சொன்னேன்ல" என்று அவன் திரும்பிப் பார்க்காமலே, அடுத்த சட்டியைத் தூக்க வலது கையை நீட்டினான். அரிவாள் மணிக்கட்டில் இறங்கியது. ஒரே வெட்டில் போகவில்லை, இரண்டாவது வெட்டில் போனது. கை தரையில் விழுந்து, விரல்கள் இன்னும் எதையோ தூக்கப் பார்ப்பதுபோல் மடங்கி மடங்கி விரிந்தன. மேஸ்திரியின் அலறலைக் கேட்டு அடியாட்கள் ஓடிவந்தார்கள், ரத்தம் சொட்டுகிற அரிவாளை அவள் அவர்கள் பக்கம் திருப்பியதும் வந்த வேகத்தில் கீழ்ப்பக்கமாக ஓடினார்கள்.

அவள் அந்தக் கையை எடுத்துக்கொண்டு மலையேறி ஓடினாள். மொக்கையன்தான் முதலில் கண்ணில் பட்டான், சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தான், அவள் கால் நின்றது, ஆனால் அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாதா? அவனைத் தாண்டி மருதாணியிடம் போனாள். வெட்டுப்பட்ட கையின் விரல்களை முடிச்சின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தி இழுத்தாள். கல்லாக இருந்த முடிச்சு வாழைநார் மாதிரி அவிழ்ந்தது. சேணம் விழுந்தது, மருதாணி நீளமாக ஒரு மூச்சு விட்டாள், கொள்ளும் பச்சைப்புல்லும் மணக்கிற மூச்சு, விட்டுவிட்டுக் காலை மடக்கிப் படுத்தாள், வயிறு ஒருதடவை அசைந்து அடங்கியது. அப்புறம் கறுப்பி, அப்புறம் சுழியன், அப்புறம் வெள்ளையன், ஒவ்வொன்றாக விழ விழ மலை முழுக்கக் குதிரைமூச்சு வீசியது.

கடைசியாக மொக்கையன். விரல்களைச் சட்டியின் விளிம்பில் வைத்து இழுத்தாள். சட்டி அசையவில்லை. கை குளிர்ந்துவிட்டதோ என்று அதைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடியும் இழுத்தாள். அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குதிரைக்கு முடிச்சுப் போட ஒரு கை போதும். தலைக்குச் சட்டியை அவன் இரண்டு கையாலும் அல்லவா ஏற்றினான்.

கீழே வரிசை அப்படியே நின்றிருந்தது, நடுவில் மேஸ்திரி ரத்தத்தில் புரண்டுகொண்டிருந்தான். "அவன் எடது கை வேணும்" என்று அவள் மேலேயிருந்து கத்தினாள். "சாக விட்டுராதீங்க."

யாரும் நகரவில்லை. பிறகு வரிசையில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சி, மேஸ்திரி அப்போதுதான் தூக்கிவிட்டிருந்த சட்டியைத் தலையிலிருந்து தூக்கி எறிந்தாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்ததுபோல் வரிசை முழுவதும் சட்டிகள் விழுந்தன. முந்தானையைக் கிழித்து அவன் மணிக்கட்டைக் கட்டினார்கள், வாயில் தண்ணீர் ஊற்றினார்கள், செத்த பன்றியைக் கொண்டுபோவதுபோல் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவன் சாகவேண்டும் என்று வேண்டாத சாமி அந்த மலையில் இல்லை, அன்றைக்கு அந்த ஏற்றத்தில் மட்டும் அத்தனை பேரும், பூசாரி கழுவன் உட்பட, இவனுக்கு இன்னும் கொஞ்சம் ஆயுசு கொடு சாமி என்று வேண்டிக்கொண்டே வந்தார்கள்.

ஒரு விளிம்பில் அவனுடைய இடது கையைப் பிடித்து வைத்தார்கள், மறு விளிம்பில் சிலம்பாயி வெட்டிய கையை வைத்தாள். சட்டி இறங்கியது. "அப்பாடா" என்றான் மொக்கையன். அவ்வளவுதான் சொன்னான். பச்சை வெங்காய வாடை அவள் முகத்தில் அடித்தது, அவள் முகத்தைத் திருப்பவில்லை, வாயைத் திறந்து அந்த மூச்சு முழுவதையும் இழுத்துக்கொண்டாள். அவன் அவள் மடியில் சரிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். மேஸ்திரிக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. அவள் சும்மாட்டை எடுத்து அவன் தலையில் வைப்பதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாந் தாயி" என்றான். அன்றைக்குத்தான் அவன் வாயிலிருந்து அவளுக்கு அந்த வார்த்தை வந்தது.

உடைந்த சுமைதாங்கிக் கல் கிடந்த அந்தச் சட்டியை அவள் யாரையும் தொடவிடாமல், தன் இரண்டு கையாலும் தூக்கி அவன் தலையில் ஏற்றினாள். சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவன் நெஞ்சு ஒருதடவை மேலே ஏறியது, இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கல்லுக்குழிக்கு முதல் ஆளாக வந்து நின்றது அவன்தான். சனங்கள் பழகிக்கொண்டார்கள். வேப்பிலை கட்டினார்கள். மழைக்கு முன்னால் ரோடு உச்சியைத் தொட்டது, காப்பி மூட்டையோடு வண்டிகள் இறங்கின, வண்டிக்காரர்கள் கொடிவழி வளைவில் எதிரே வருகிற மேஸ்திரிக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்தால் அவன் நேராகச் சிலம்பாயி வீட்டு வாசலுக்கு வந்து, அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

"ரோடுதான் முடிஞ்சிருச்சே சிலம்பு, எறக்கி விட்டுரேன். பாக்கச் சகிக்கல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சிலம்பாயி கஞ்சிக்கு ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டாள். "உச்சி வரைக்கும்தான முடிஞ்சிருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் எறங்க ரோடு வேணாமா?" என்றாள். பிறகு கஞ்சியைக் குடித்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.